பன்னெண்டு நீல டைல்ஸ்

எங்க ஊட்டுக்காரரு கள்ளிக்குப்பத்துல சிமெண்ட் டைல்ஸ் போடற எடத்துல வேலை. வாய் மட்டும் எட்டூருக்கு. வேலப்பன்சாவடில வெள்ளைக்காரன் பங்களா ஒண்ணு கீது. ஹால் செவுரு பூரா நீல டைல்ஸ். அதுக்காவ இங்க தலைமுறையா அணைஞ்சி கெடந்த சூளைய ஒரு தொரை மறுபடி பத்தவெச்சாராம், பழைய டைல்ஸ் ஒண்ணக் குடுத்து இதே மாதிரி செய்யின்னாராம், இவரு தாத்தா துலுக்கானந்தான் செஞ்சாராம். போறவன் வர்றவன் கிட்டயெல்லாம் இதே பேச்சு. சீமையிலருந்து கப்பல்ல வந்ததுன்னு எல்லாம் சிரிப்பானுங்க. எனக்கு இவரு மேலதான் பத்திகினு வரும்.

எண்பத்தேழுல அந்த பங்களாவ ஸ்கூலுக்கு எடுத்தாங்க. செவுத்துல பன்னெண்டு டைல்ஸ் ஒடஞ்சி கெடந்துது. இன்ஜினியர் ஜெயராமன் கிட்ட இந்த மனுஷன் போய் நின்னாரு. "நான் செஞ்சி தரேன் சார்."

"வெள்ளிக்கெழமைக்குள்ள கொண்டா. பொருந்தலன்னா மொத்த செவுத்தையும் பேத்துடுவேன் வேம்புலி"ன்னாரு அவரு.

நல்ல டைல்ஸ் ஒண்ண அளவெடுத்து, அதே அளவுக்கு மரச்சட்டம் அடிச்சி, களிமண்ண அமுக்கினாரு. சிமெண்ட்டுக்கு அப்டித்தானே பழக்கம். நீலம் பூசி, மேனாம்பேட்டுல ஒரு சூளைல வெச்சி சுட்டோம். நெறம் அப்டியே வந்துது. எனக்குக் கண்ணு கலங்கிப்போச்சு.

வெள்ளிக்கெழமை செவுத்துல வெச்சிப் பாத்தா, சுத்திலும் சுண்டு வெரலு போற சந்து. மண்ணு சுட்டா சுருங்கும்னு சிமெண்ட்டுக்காரனுக்கு எவன் சொன்னான்?

ஜெயராமன் பேக்கற ஆளுங்களக் கூப்ட்டாரு. ஊட்டுக்காரரு வாயே தொறக்கல. அந்த வாய நான் எத்தினி தபா திட்டிகீறேன். அன்னிக்கி அது தொறந்தா போதும்னு இருந்துது.

ஆளுங்க மூலைல இருந்த பெரிய மர பீரோவ நகுத்தினாங்க. பின்னால, அடி வரிசைல, பத்து டைல்ஸ் மட்டும் சிறுசு. சுத்திலும் அதே சந்து, சுண்ணாம்பு அடச்சி மூடிகீது. நான் நம்ம டைல்ஸ எடுத்து அதும்மேல வெச்சேன். அச்சா ஒரே அளவு.

"சீமைல செஞ்சி அனுப்பறவன் இப்டி சுருங்கினத அனுப்புவானா சார்?"னு கேட்டேன்.

ஜெயராமன் குந்திகினு அந்த சுண்ணாம்பு மேல வெரல வெச்சி அளந்து பாத்தாரு. அப்பால எழுந்து, "சுண்ணாம்பு குழைங்கப்பா"ன்னாரு.

ஊட்டுக்காரரு அந்த வரிசையத் தடவிகினே தரையில உக்காந்துட்டாரு. "பாருமே, தாத்தாவுக்கும் மொத தபா வரல"ன்னு சொல்லிட்டு அழுதாரு. எனக்கும் தாங்கல, பக்கத்துலயே குந்திகினு அழுதேன்.