கை நீண்ட ஊர்

அவிநாசிபாளையம் பக்கத்தில் ஒரு குட்டை. அதைத் தூர்வார அரசாங்கம் பணம் தரும். ஆனால் ஊர்க்காரர்களும் தங்கள் பங்குக்கு ஏதாவது செய்தாக வேண்டும். குட்டைக் கமிட்டித் தலைவி காளியாத்தாள் பனியன் கம்பெனி முதலாளி சிவராஜிடம் நன்கொடை கேட்கப் போனாள். அவர் பணத்துக்குப் பதிலாக முந்நூறு டி-ஷர்ட்டைத் தூக்கிக் கொடுத்தார். வெளிநாட்டுக்காரன் வேண்டாமென்று திருப்பிய சரக்கு. எல்லாவற்றிலும் வலது கை முழுக்கை, இடது கை அரைக்கை.

"இத வெச்சு என்னங்க பண்றது?"

"போட்டுக்கிட்டு மண்ணு வெட்டுங்கம்மா," என்று சிரித்தார் அவர்.

காளியாத்தாளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் அப்படியே செய்தாள். அதிகாரி பார்வையிட வந்த அன்று ஊரே அந்தச் சட்டையில் குட்டைக்குள் இறங்கிச் சேறு அள்ளிக்கொண்டிருந்தது. பெண்கள் அதைச் சேலைக்கு மேலேயே போட்டிருந்தார்கள். யாரோ ஒரு வெள்ளாட்டுக்கும் மாட்டிவிட்டிருந்தார்கள்.

அதிகாரி கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "என்னம்மா, ஊரே கை நீளமா இருக்கு?"

அவர் பக்கத்தில் கரையில் நின்றிருந்த காளியாத்தாள் பதறிப்போனாள். "ஐயோ, நாங்க திருட்டுக் கூட்டமில்லீங்க சார்! பாருங்க, ஒத்தக் கைதானுங்க நீளம்!"

அதிகாரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். சிரித்து முடித்ததும், "கூலி வாங்காம இத்தனை பேர் வேலை செய்யறீங்க. இதையே உங்க பங்கா எழுதிக்கறேன்," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

தலைவி என்கிற கெத்தையெல்லாம் மறந்து காளியாத்தாள் தொபுக்கென்று சேற்றில் குதித்தாள்.