மைனஸ் எடை

கடந்த ஐப்பசியிலிருந்து பெரியதாழை இனிகோவின் கால் தரையில் படுவதில்லை. முதல் வாரம் ஒரு சாண் உயரத்தில் நின்றான், கார்த்திகையில் ஓட்டுக் கூரை மட்டத்துக்குப் போனான். சீலா மீன் என்ன விலைக்கு ஏலம் போனது என்று பேசிக்கொண்டிருந்த ஊர் அண்ணாந்து பார்த்துவிட்டு மறுபடி சீலா விலைக்கே திரும்பியது. அவன் மனைவி விக்டோரியா மட்டும் அவன் இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையை அவன் மீன்பிடி வள்ளத்தில் முடிந்துவிட்டு, காரணம் தேடிப் புறப்பட்டாள்.

காரணம் தூத்துக்குடியில் ஏசி போட்ட ஓர் ஆய்வு அலுவலகத்தில் இருந்தது. அங்கே ஒரு கம்ப்யூட்டர் எல்லாச் செய்தித்தாள்களையும் வாசித்து, நல்ல சொல் எத்தனை, கெட்ட சொல் எத்தனை என்று எண்ணி, கடற்கரையின் பொருளாதாரம் எப்படி இருக்கிறது என்று சென்னைக்குச் சொல்லும். கடற்கரைக்கு வந்து ஒரு தடவை எட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும், ஆனால் அதற்குப் பெட்ரோல் செலவாகும் போல. ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் எடை. 'லாபம்' பிளஸ், 'நஷ்டம்' மைனஸ். 'பாடு' என்றால் துன்பம் என்று வைத்து, இருப்பதிலேயே பெரிய மைனஸை அதற்குப் போட்டிருந்தார்கள். கடலில் மீன் கிடைப்பதற்குப் பெயரே பாடுதான் என்று சொல்ல அங்கே ஓர் ஆள் இல்லை. 'இனிகோ வள்ளத்துக்கு அமோக மீன்பாடு' என்று செய்தி வந்த அன்று அந்த மைனஸ் முழுவதும் இனிகோவுக்குப் போய்ச் சேர்ந்தது. மைனஸ் எடையுள்ள மனிதன் மேலேதானே போவான்.

அலுவலகத்தில் இருந்த சிவப்பிரகாஷ் ஸ்ரீவைகுண்டத்துக்காரன், மரியாதையான பையன்.

"எங்க ஊர்ல பாடுன்னா கஷ்டம்தானக்கா," என்றான்.

"எங்க ஊர்ல அது மீனு தம்பி. நீங்க சொல்லுக்கா எடை போட்டிய? எம் புருஷனுக்குல்லா போட்டுட்டிய."

"மாத்தணும்னா சென்னையில அப்ரூவல் வாங்கணும்க்கா."

அந்த அப்ரூவல் இன்றுவரை வரவில்லை. எரிச்சல் தாங்காமல் அவள் நிருபர் கிளைட்டனைப் பிடித்து, மீன்பாடு இல்லை என்று எழுதச் சொன்னாள். அவனும் எழுதினான். கம்ப்யூட்டர் 'பாடு'வையும் எண்ணியது, 'இல்லை'யையும் கெட்ட சொல்லாகச் சேர்த்து எண்ணியது. இனிகோ பனை உயரத்துக்குப் போனான். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல.

அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் மீன் கூட்டம் துலக்கமாகத் தெரியும். "அங்கன சீலா கெடக்குலே, வடக்க வளைங்க," என்று மேலிருந்து அவன் கத்த, வள்ளம் நிறைந்தது. செய்தியும் வந்தது. இன்னும் உயரே போனான். விக்டோரியா சோற்றுத் தூக்குவாளியைக் கயிற்றில் கட்டி அனுப்பினாள். அவளுக்கு அவன் பக்கத்தில் படுக்க வேண்டும், வேறெதுவும் வேண்டாம்.

பங்குனியில், அவள் கேட்டதற்காக, இனிகோ கண்ணை மூடிக்கொண்டே மிதந்தான். வலையில் ஒன்றும் விழவில்லை. பட்டது போதும் என்று கிளைட்டனும் ஒன்றும் எழுதவில்லை. இனிகோ வாசல் நிலை உயரத்துக்கு இறங்கினான். விக்டோரியா அவன் பாதத்தைப் பிடித்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். அதற்குள் வள்ளத்தில் வேலை பார்ப்பவர்களின் வீடுகளில் அடுப்பு எரியாமல் போயிற்று. "கண்ணத் தொறங்க," என்று அவளே சொன்னாள்.

போன வாரம் நல்ல பாடு, இடுப்பில் கட்டியிருந்த கயிறு போதவில்லை. கயிற்றுக் கடை லிங்கராஜ் அண்ணாச்சி, "எப்படிம்மா போகுது?" என்று கேட்டார்.

"பாடுதான் அண்ணாச்சி."

எந்தப் பாடு என்று கேட்காமல் அவர் இரண்டு கையையும் விரித்து விரித்து இன்னும் பத்துப் பாகம் கயிற்றை அளந்து வெட்டினார்.