ஆமா சொல்லும்வரை

எங்கள் வீட்டில் மகளுக்கு 'வக்கீல்' என்று பெயர். பல் தேய்க்கச் சொன்னால்கூட ஏன் என்று கேட்டு, பதில் திருப்தியாக இருந்தால்தான் பிரஷை எடுப்பாள். இந்தப் பழக்கத்தை அவளுக்கு ஊட்டியது பள்ளியில் சிந்தனை வகுப்பு எடுக்கும் ஆசிரியை. பிள்ளைகள் அவரை 'ஏன் மிஸ்' என்பார்கள். நான் அதே பள்ளியில் படித்தபோதும் அதே பெயர்தான். என் படிப்பு பாதியில் நின்றதற்குக் காரணமும் அவர்தான். மகளுக்கு இது தெரியாது. மனைவிக்குத் தெரியும்.

ஏன் மிஸ்ஸின் வகுப்பில் எல்லோரும் வட்டமாக உட்கார வேண்டும். நடுவில் ஒரு கேள்வி. மிஸ் எந்தக் காரணம் கொண்டும் விடை சொல்ல மாட்டார். பிள்ளைகளே யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். பேச விரும்புகிறவர், முன்னால் பேசியவர் சொன்னதை முதலில் திருப்பிச் சொல்ல வேண்டும். "அப்படித்தானே?" என்று கேட்க வேண்டும். அவர் "ஆமா" என்றால்தான் மேலே பேசலாம். இல்லையென்றால் மறுபடி சொல்ல வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

நான் எட்டாம் வகுப்பில் இருந்தபோது அறிவியல் அறைத் தொட்டியில் மீன்கள் எல்லாம் செத்து மிதந்தன. ஏன் மிஸ் அதையே அன்றைய கேள்வியாக வைத்தார். வகுப்பைப் பார்க்க வெளியிலிருந்து பெரிய மனிதர்கள் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். என் சட்டையில் மை கொட்டியதால் அந்த அறைப் பக்கத்துக் குழாயில் சோப்புத் தூள் போட்டுத் துவைத்திருந்தேன். அதற்கு முந்தின நாள் அறிவியல் வாத்தியாரிடம் அடியும் வாங்கியிருந்தேன். வட்டத்திலிருந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக என் பக்கம் திரும்பினார்கள்.

"நீ அந்தப் பக்கம் போன. அப்படித்தானே?"

"ஆமா."

"கையில சோப்புத் தூள் இருந்தது. அப்படித்தானே?"

"ஆமா."

"சார் மேல உனக்குக் கோபம். அப்படித்தானே?"

எல்லாமே உண்மை. எல்லாவற்றுக்கும் ஆமா என்றேன். கடைசியில் என் ஆமாக்களை எல்லாம் ஒன்றாகக் கட்டி என் தலையில் வைத்தார்கள். பின்வரிசை கைதட்டியது. எவ்வளவு அழகாக யோசிக்கிறார்கள் பிள்ளைகள் என்றார் ஒருவர். தலைமையாசிரியர் என்னை வீட்டுக்கு அனுப்பினார். அப்பா என்னை ஐஸ் கம்பெனியில் மூட்டை தூக்கவிட்டார். தெருவில் என் பெயர் 'பூச்சிமருந்து' ஆனது.

எனக்கு மீசை முளைத்த பிறகு, அறிவியல் அறையில் எடுபிடியாக இருந்த அண்ணன் ஒருநாள் சொன்னார். "டேய், அந்தத் தொட்டியைக் கழுவினது ஏன் மிஸ்தான்டா. குளோரின் மருந்து கலந்த குழாய்த் தண்ணியை ஒரு நாள் வெச்சிருக்காம அப்படியே ஊத்திட்டாங்க. வாளி தூக்கினது நான்."

பஸ் நிறுத்தத்தில் ஏன் மிஸ்ஸைப் பிடித்துக் கேட்டேன். அவர் மறுக்கவில்லை. சிரித்த முகத்தோடு சொன்னார்:

"நான் சொல்லியிருந்தா அது என் விடையா ஆகியிருக்கும்ப்பா. நீங்களே கண்டுபிடிக்கணும். அடுத்த வகுப்புல எடுக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நீதான் வர்றதையே நிறுத்திட்ட."

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

அந்த 'நீதான்' என்ற சொல்லை நான் இத்தனை வருஷமாக வைத்திருந்தேன். குளிர்பதனக் கிடங்கில் ராத்திரி ஷிப்ட் பார்க்கிறவனுக்கு யோசிக்க நேரம் நிறைய.

போன வாரம் மகள் ஒரு செய்தி கொண்டுவந்தாள். ஏன் மிஸ் வகுப்பைப் பார்க்க ஒரு குழு வருகிறது; பிடித்துப்போனால் எல்லாப் பள்ளிகளிலும் இதே வகுப்பு, மிஸ்தான் தலைவி. பெற்றோரும் வட்டத்தில் உட்காரலாம்.

"நான் வர்றேன்" என்றேன்.

மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏங்க, தூங்க வேண்டிய நேரத்துல உங்களுக்கு எதுக்கு இது?"

"பிள்ளை படிப்பைப் பார்க்க வேண்டாமா?"

"உங்க மூஞ்சியைப் பார்த்தா பிள்ளை படிப்பைப் பார்க்கப் போற மூஞ்சி மாதிரி இல்ல. நாளைக்கு அவதான் அந்த வகுப்புல உக்காரணும். ஞாபகம் வெச்சுக்கங்க."

வைத்துக்கொண்டேன். ஆனாலும் போனேன்.

ஷிப்ட் முடிந்து முகத்தைக் கழுவிக்கொண்டு நேராகப் பள்ளிக்கு. பிள்ளைகள் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். எனக்குக் கிடைத்தது சின்னப் பிள்ளைகள் நாற்காலி. முழங்கால் காது வரை வந்தது. மகள் எதிரே உட்கார்ந்து, மானத்தை வாங்காதே என்று கண்ணாலேயே சொன்னாள். குழுவினர் சுவரோரம் இருந்தார்கள். அவர்களில் மூத்தவர் வழுக்கைத் தலையை ஆட்டி ஆட்டி எல்லாவற்றையும் ரசித்தார். ஏன் மிஸ் நரைத்திருந்தார். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

"இன்னைக்குக் கேள்வியைப் பெற்றோர்ல ஒருத்தர் வைக்கலாமே" என்றார்.

கையைத் தூக்கினேன்.

"ஒரு பள்ளிக்கூடத்துல தொட்டி மீனெல்லாம் செத்துப்போச்சு. யார் காரணம்னு வகுப்புல பேசினாங்க. பசங்க தப்பான பையனைப் பிடிச்சாங்க. டீச்சருக்கு உண்மை தெரியும். வாயே திறக்கல. அது சரியா?"

ஏன் மிஸ்ஸின் கையில் இருந்த சாக்பீஸ் அசையாமல் நின்றது.

கண்ணாடி போட்ட பையன் ஒருவன் முந்திக்கொண்டான். "டீச்சருக்குத் தெரிஞ்சும் சொல்லலைன்னு சொல்றீங்க. அப்படித்தானே அங்கிள்?"

"ஆமா."

"சொல்லாததுதான் சரி. சொன்னா நாங்க யோசிக்கவே மாட்டோம். சோம்பேறி ஆயிடுவோம்."

வழுக்கைத் தலை ஆடியது. மகளுக்குப் பொறுக்கவில்லை. அவனுடைய வாதத்தைச் சொல்லி, ஆமா வாங்கிக்கொண்டு, என் பக்கம் திரும்பினாள். "ஆனா டீச்சருக்கு எப்படித் தெரியும்? யாராவது சொன்னாங்களாப்பா?"

வக்கீல் வக்கீல்தான்.

"யாரும் சொல்லல. மீனைக் கொன்னதே அந்த டீச்சர்தான்."

வட்டம் முழுக்க 'ஐயோ' என்றது. ஏன் மிஸ் இரண்டடி முன்னால் வந்தார். "நல்ல கேள்வி. இதைக் கொஞ்சம் பொதுவாக்கிப் பார்ப்போமா? ஒரு ஆசிரியர் எப்போ..."

"மிஸ், மிஸ்!" கண்ணாடிக்காரன் துள்ளினான். "நீங்க முதல்ல அங்கிள் சொன்னதைத் திருப்பிச் சொல்லணும்!"

குழுவினர் சிரித்தார்கள். "பலே, மிஸ்ஸையே மடக்கிட்டானே" என்றார் வழுக்கைத் தலையர்.

ஏன் மிஸ்ஸும் சிரிக்க முயன்றார். "சரி. ஒரு ஆசிரியர், தன்னோட முறை மேல இருந்த நம்பிக்கையால, ஒரு தகவலைச் சொல்றதைத் தள்ளிப்போட்டார். அப்படித்தானே?"

"இல்ல."

"தெரிஞ்ச உண்மையைச் சொல்லாம இருந்துட்டார். அப்படித்தானே?"

"இல்ல."

பிள்ளைகளுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "இன்னும் வரல மிஸ், இன்னும் வரல!"

"அந்த டீச்சராலதான் மீன் செத்தது. ஒரு பையன் மேல பழி விழறப்போ அவங்க சும்மா இருந்தாங்க. அப்படித்தானே?" என்றார் ஏன் மிஸ்.

"கிட்ட வந்துட்டீங்க. எந்த டீச்சர்?"

அப்போதுதான் என்னை முழுசாகப் பார்த்தார். நெற்றி, மூக்கு, மீசை. மனசுக்குள் மீசையை எடுத்துவிட்டுப் பார்த்திருப்பார் போல. அவர் முகம் களையிழந்து போனதைக் கண்ணெடுக்காமல் பார்த்தேன். இதற்காகத்தானே தூக்கத்தை விட்டு வந்தேன்?

"அது நீங்க சொல்லல" என்றார் மெதுவாக.

"அப்ப நீங்க சொல்லுங்க மிஸ்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. மகள் என்னையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தாள். பிள்ளைகள் காத்திருந்தார்கள். யோசிக்கிறவரை அவசரப்படுத்தக்கூடாது என்று அவர்தானே பழக்கியிருந்தார்.

"நான்தான்" என்றார் ஏன் மிஸ். "தண்ணியை மாத்தினது நான். நீங்க செய்யலைன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். வந்தவங்க கைதட்டிட்டு இருந்தாங்க. அந்த நேரத்துல சொல்ல எனக்கு மனசு வரல. அப்படித்தானே?"

கொஞ்சம் காக்க வைத்தேன். வழுக்கைத் தலை ஆடாமல் நின்றுவிட்டிருந்தது.

"ஆமா."

"இப்போ நான் என் கருத்தைச் சொல்லலாம்" என்றார். நிமிர்ந்துதான் நின்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவர் பேசினால் அடுத்து நான். அவர் சொன்னதை நான் திருப்பிச் சொல்ல வேண்டும், அவருக்குத் திருப்தியாகும்வரை. அவருடைய நியாயத்தை என் வாயால். எழுந்தேன். குட்டி நாற்காலி இடுப்போடு கொஞ்ச தூரம் வந்து விழுந்தது.

"அங்கிள், போகக்கூடாது! இப்ப மிஸ் முறை!"

"எனக்குத் தூக்கம் வருது."

வாசலில் திரும்பி மகளைக் கூப்பிட்டேன். அவள் எழவில்லை.

சாயங்காலம் பையைத் தூக்கி மூலையில் எறிந்துவிட்டு என் முன்னால் வந்து நின்றாள். மனைவி அடுப்படியில் பாத்திரங்களை வேண்டுமென்றே உருட்டினாள்.

"அந்தக் குழு வேண்டாம்னு சொல்லிட்டுப் போயிடுச்சு. இனிமே எங்க ஸ்கூல்லயும் மிஸ் வகுப்பு இல்லையாம்."

"நல்லது."

"மிஸ் அழுதாங்க."

"அழட்டும்."

"என்ன சொன்னாங்கன்னு சொல்லவா?"

"வேண்டாம்."

"உன்னைப் பத்திதான்ப்பா."

"வேண்டாம்னு சொன்னேன்ல."

"ஏன்?"

ஷூவை மாட்டினேன். கிடங்குக்கான கனத்த கோட்டைத் தோளில் போட்டேன். பதில் வராது என்று அவளுக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் சண்டை போடவில்லை. அம்மாவிடம் போய் உட்கார்ந்து முழுவதையும் சொல்ல ஆரம்பித்தாள். என் காதில் விழட்டும் என்று சத்தமாகவே சொன்னாள். நான் கதவைச் சாத்திக்கொண்டு இறங்கினேன்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. 'நான்தான்' என்று அவர் சொன்னதை மனசுக்குள் மறுபடி மறுபடி ஓடவிட்டேன். குரல் கொஞ்சம் தணிந்திருந்தது. சுவரோரம் கடைசியில் உட்கார்ந்திருந்தவருக்குக் கேட்டிருக்காது. இன்னொரு தடவை, இன்னும் சத்தமாக, சொல்ல வைத்திருக்க வேண்டும்.