மனோகரனுக்காகக் கூடிய கூட்டம்

உலகத்தில் இதுவரை எந்தப் புரட்சியும் கதவைத் தட்டி நடந்ததில்லை என்பதும், இனி நடக்கவிருக்கும் புரட்சிகள் அனைத்தும் மலேசியாவின் ஜொகூரில், தம்போயில் உள்ள எங்கள் அடுக்குமாடி புளோக்கிலிருந்து, குறிப்பாகத் தன்னுடைய கைப்பேசியிலிருந்து நடக்கும் என்பதும் ஜீவனின் உறுதியான கருத்து. இதைச் சொல்லும்போது அவன் சிரிக்கமாட்டான். கல்லூரியில் மக்கள் தொடர்புத் துறையில் இரண்டாம் ஆண்டு படிக்கிறவர்கள் இதற்கெல்லாம் சிரிப்பதில்லை.

புரட்சிக்குத் தேவையான காரணம் எங்களிடம் தயாராக இருந்தது. லிஃப்ட் ஓடவில்லை. பழுதாகவில்லை, ஓய்வெடுக்கிறது என்பதுபோலக் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு தரைத்தளத்தில் நின்றுவிட்டது. புதியது மாற்றித்தர நிர்வாகம் ஒரு நிபந்தனை வைத்தது. பாதி வீட்டுக்காரர்களாவது கூட்டத்துக்கு நேரில் வந்து கை தூக்க வேண்டும்.

எங்களுக்கெல்லாம் அது கால்வலிப் பிரச்சினை. எட்டாவது மாடி மனோகரனுக்கு உயிர்ப் பிரச்சினை. தொழிற்சாலை பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர். இனிப்பு நீர் நோய் ஒரு காலை எடுத்துக்கொண்டது, சிறுநீரகத்தையும் விட்டுவைக்கவில்லை. வாரத்தில் மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்யப் போக வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நான்கு பேர் தூக்கி இறக்குவார்கள். நாற்காலியின் ஒரு கால் எப்போதும் ஜீவனுடையது. மற்ற மூன்று கால்களுக்கு ஷிப்டு, முதுகுவலி, மாமியார் வீட்டு விசேஷம் என்று ஏதாவது வந்துகொண்டிருந்தது. ஜீவனுக்கு மட்டும் எதுவும் வரவில்லை. காரணம், மனோகரனுக்கு லோஷினி என்றொரு மகள். அவரை மாமா என்று கூப்பிட ஆசைப்பட்டு, அங்கிள் என்று கூப்பிட்டுவந்தான்.

லோஷினி சிங்கப்பூரில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்தாள். எங்கள் புளோக்கில் பாதிப் பேர் அப்படித்தான். படுப்பது ஜொகூரில், விழித்திருப்பது சிங்கப்பூரில். விடியுமுன்னே கீழே மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக உறுமிக் கிளம்பும். அத்தனை சத்தத்திலும் அவளுடையதை ஜீவன் படுக்கையிலிருந்தே பிரித்தெடுத்துவிடுவான். கொஞ்சம் இருமும், பிறகு சமாதானமாகிப் போகும். அது பெரிய சாலையில் கலக்கும் வரை கேட்டுக்கொண்டிருப்பான். அதன் பிறகு புளோக்கில் ஆட்கள் இருப்பதாகவே அவனுக்குத் தோன்றாது.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு விடுமுறை. விடுமுறையில் அவள் செய்த வேலைதான் அவனை வருத்தியது. வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினாள். தட்டிவிட்டு உள்ளே வேறு போனாள். உட்கார்ந்தாள். கொடுத்ததைக் குடித்தாள். மகனுக்கு வேலை கிடைத்ததா, மருமகள் பேசுகிறாளா என்று விசாரித்தாள். கடைசியில் எழுந்திருக்கும்போதுதான் கூட்டத்துக்கு வரச் சொன்னாள்.

"நீயும் வாயேன்டா, ஜீவா" என்றாள் ஒருநாள், மாடிப்படியில் நின்று.

"இவ்ளோ நேரத்துல எத்தன வீடு முடிச்ச?"

"மூணு."

"நான் ஒரு தட்டு தட்டுனா எல்லா வீட்டுக்கும் போயிடும்."

"போயிட்டு?"

"போயிட்டுன்னா? செய்தி சேந்துரும் லா."

"அவங்க சொல்றத யாரு கேக்கறது?"

"அடுத்தவன் வீட்டு மருமக கதைய கேக்கறதுக்குப் பேரு போராட்டம் இல்ல, லோஷினி. கல்யாணத் தரகரு வேல. தாம்பாளம் ஒண்ணுதான் கொறச்சல்."

அவள் சிரித்தாள். "சரி, நீ ஒக்காந்தே போராடு. நான் மாடி ஏறுறேன்."

அவளுடைய காலடிச் சத்தம் ஒவ்வொரு மாடியாகத் தேய்ந்து போவதைக் கேட்டுக்கொண்டு அவன் கீழேயே இருந்தான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தனை படியும் அவளோடு ஏறியிருக்கலாம். கொள்கை தடுத்தது.

லோஷினியின் வழிக்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் ஆட்களுக்கு நல்ல காரியம் என்றால் வீட்டுக்கு வந்து வாயால் கூப்பிட வேண்டும். கல்யாணத்துக்கும் அப்படித்தான், காதுகுத்துக்கும் அப்படித்தான், லிஃப்ட்டுக்கும் அப்படித்தான். கீழ்மாடி வெள்ளையம்மா இதில் கண்டிப்பானவர். புளோக்கில் எந்த நல்லது கெட்டது என்றாலும் முதலில் போய் நிற்கும் ஆள் அவர். அவர் கிளம்பினால்தான் மற்றவர்களும் கிளம்புவார்கள். "போன்ல வந்தா அது வெளம்பரம். வாசல்ல வந்தாதான் அழைப்பு" என்பார். ஆனால் சாவுக்கு யாரும் அழைக்க வேண்டியதில்லை. காதில் விழுந்தால் போதும்.

இரண்டு கூட்டம் கூடாமல் போயிற்று. லோஷினி பாதி மாடிகூட ஏறி முடிக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமைகள் போதவில்லை. மனோகரனின் மனைவி தனலெட்சுமி ஒருநாள், நாற்காலி இறங்கிக்கொண்டிருக்கும்போதே சொன்னார்.

"பொந்தியான்ல என் தம்பிக்கு ஒரு தரைவீடு இருக்கு, படியே ஏற வேணாம். ரத்தம் சுத்தம் பண்ற எடமும் பக்கத்துலதான். இந்த ஞாயித்துக்கெழமையும் கூட்டம் கூடலன்னா நாங்க போயிடறோம்ப்பா. எத்தன நாளு ஒங்கள தூக்க வைக்கிறது?"

ஜீவனின் பக்கம் நாற்காலி சற்றுச் சாய்ந்தது. பொந்தியானிலிருந்து சிங்கப்பூருக்கு மேற்குப் பக்கத்துப் பாலம் வழியாகப் போய்விடலாம். தம்போய் வழியாக வர வேண்டிய அவசியமே லோஷினிக்கு இருக்காது.

அந்த வாரம் அவளுக்கு விடுமுறை இல்லை. சனிக்கிழமை இரவு ஷிப்டு. ஞாயிறு காலைதான் வருவாள். கிளம்பும்போது ஜீவனிடம் வந்தாள்.

"நீ போறியா வீடு வீடா? எனக்காக."

எனக்காக என்ற சொல் அவனை என்னவோ செய்தது. அதனால்தான் தன்னிடம் இருந்த சிறந்ததை அவளுக்குத் தர நினைத்தான்.

"நீ கவலப்படாத. இந்த தடவ மொத்த புளோக்கும் கீழ நிக்கும்."

இந்த வாக்குறுதியை அவன் காப்பாற்றினான் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

மனோகரன் பஸ் ஓட்டிய காலத்துப் படம் ஒன்றை எடுத்தான். மனதைத் தொட வேண்டும் என்பதற்காகக் கறுப்பு வெள்ளையாக மாற்றினான். சுற்றிலும் இலவசமாகக் கிடைத்த சாமந்திப் பூ வளையத்தை வைத்தான். கீழே இப்படி எழுதினான்: "நம் மனோகரன் அவர்களுக்காக ஒன்றுகூடுவோம். ஞாயிறு காலை பத்து மணி, புளோக் கீழ்த்தளம்." லிஃப்ட்டைப் பற்றி எதுவும் எழுதவில்லை. நல்ல விளம்பரம் எல்லாவற்றையும் சொல்லிவிடக் கூடாது என்பது அவனுடைய பாடத்தில் இருக்கிறது.

புளோக்கின் வாட்ஸ்அப் குழுவில் அதைப் போட்டதும் கைகூப்பும் படங்கள் வந்து குவிந்தன. அதுவரை பேசாதவர்கள்கூடக் கைகூப்பினார்கள். வணக்கம், வருகிறோம் என்று ஜீவன் அதைப் புரிந்துகொண்டான். தொழிற்சாலைக்குள் கைப்பேசிக்கு அனுமதியில்லாததால் லோஷினி பார்க்கவில்லை. தனலெட்சுமி அந்தக் குழுவிலேயே இல்லை.

ஞாயிறு காலை மொத்த புளோக்கும் கீழே நின்றது. பெரும்பாலும் வெள்ளை உடை. யாரும் சத்தமாகப் பேசவில்லை. இவ்வளவு கட்டுப்பாடான மக்களை ஜீவன் பார்த்ததில்லை. மாலை வைத்திருந்தவர்களைப் பார்த்தபோது, நிர்வாக அதிகாரிக்குப் போடப்போகிறார்கள் என்று நினைத்துச் சிறிது சங்கடப்பட்டான். வெள்ளையம்மா இரண்டு பேரை வைத்துக் கூடாரம் கட்டிக்கொண்டிருந்தார். லிஃப்ட் ஓடாததால் மருத்துவமனையிலிருந்து கொண்டுவந்து கீழேயே வைத்துவிடுவார்கள் என்று அவர்களாகவே முடிவு செய்திருந்தார்கள். அதனால்தான் ஒருவரும் மேலே ஏறிப் பார்க்கவில்லை.

நிர்வாக அதிகாரி வந்தார். மலாய்க்காரர். கூட்டத்தைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். ஜீவனின் கையை இரண்டு கைகளாலும் பிடித்து, தாழ்ந்த குரலில், "தக்சியா" என்றார். மலாயில் இழவு வீட்டில் மட்டும் சொல்லும் ஆறுதல் அது.

ஜீவன் மாலைகளைப் பார்த்தான். வெள்ளை உடைகளைப் பார்த்தான். கைப்பேசியை எடுத்துத் தன்னுடைய சாமந்திப் பூக்களைப் பார்த்தான்.

அந்த நேரத்தில்தான் லோஷினியின் மோட்டார் சைக்கிள் உள்ளே திரும்பியது. கூடாரத்தையும் மாலைகளையும் கண்டதும் அவள் வண்டியை நிறுத்தவில்லை, விட்டுவிட்டாள். அது ஒரு பக்கம் விழ, அவள் ஹெல்மெட்டோடு படிகளை நோக்கி ஓடினாள்.

"லோஷினி! இல்ல! கேளு!" என்று ஜீவன் பின்னால் ஓடினான். அவள் காதில் எதுவும் விழவில்லை. அவளோடு அந்தப் படிகளில் ஏற அவன் எத்தனையோ நாள் ஆசைப்பட்டிருந்தான். அவள் மூச்சு அழுகையாக மாறுவதைக் கேட்டபடி, எட்டு மாடியும் ஏறினான்.

மேலே நடைபாதையில் மனோகரன் நாற்காலியில் உட்கார்ந்து, சுவருக்கு மேலாகக் கீழே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வா, வா. யாரும்மா செத்தது? எல்லாரும் வந்துருக்காங்க, நம்மகிட்ட ஒருத்தனும் சொல்லல பாரு."

லோஷினி அவர் மடியில் ஹெல்மெட்டோடு முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவருக்கு ஒன்றும் புரியாமல் ஹெல்மெட்டைத் தடவிக் கொடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து அவள் திரும்பி ஜீவனைப் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒரு வீட்டுக்காச்சும் போயி ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல, ஜீவா."

மனோகரனுக்கு அதற்குள் விஷயம் விளங்கிவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் எழுந்து நின்று, கீழே பார்த்துக் கையை ஆட்டினார். "நான்தான்! நான் இருக்கேன்யா!"

கீழே பெரிய சத்தம் எழுந்தது. ஜீவன் இறங்கி ஓடினான். கூட்டம் இன்னும் கலையவில்லை, அதிகாரியும் இருந்தார். இதைவிட நல்ல வாய்ப்பு வராது.

"ஆன்ட்டி, தப்பு நடந்துருச்சு, விடுங்க. எல்லாரும் இருக்கீங்க. லிஃப்ட்டுக்குக் கைய மட்டும் தூக்குங்க. அங்கிளுக்காக."

"அலமாக்! எழவுக்குன்னு கெளம்பி வந்துட்டு, குளிக்காம நல்ல காரியத்துக்குக் கை தூக்கறதா?" என்றார் வெள்ளையம்மா.

"ஆனா யாரும் சாகலையே, ஆன்ட்டி!"

"அது அவரு நல்ல நேரம். நாங்க கெளம்பிட்டோம்ல?"

எல்லாரும் குளிக்கப் போனார்கள். மொத்த புளோக்கும் ஒரே நேரத்தில் குழாயைத் திறந்ததில் மேல்மாடிகளில் தண்ணீர் நின்றுபோனது. மேல்மாடிக்காரர்கள் குளிக்கக் காத்திருந்தார்கள், குளித்தவர்கள் சாப்பிட்டார்கள், சாப்பிட்டவர்கள் படுத்தார்கள். அதிகாரி வெறும் கூடாரத்தின் கீழே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார்.

அடுத்த வாரமே லாரி வந்தது. மனோகரனைக் கடைசியாக இறக்கும்போது தூக்குவதற்கு ஆள் நிறைய இருந்தார்கள். ஜீவன் தன் காலை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

"என் சாவுக்கு யாரு யாரு வருவாங்கன்னு பாத்துட்டேன்டா. எவனுக்குக் கெடைக்கும்?" என்றார் மனோகரன். "வெள்ளையம்மா ஒரு சொட்டு கண்ணீர் விடல, கவனிச்சியா?"

"கவனிச்சேன் அங்கிள்."

லோஷினி மோட்டார் சைக்கிளில் லாரிக்குப் பின்னால் போவதாக இருந்தது. ஜீவன் அவளருகே போய் நின்றான். சொல்ல நினைத்தது வேறு.

"லிஃப்ட் வந்துட்டா திரும்பி வருவீங்களா?"

"அப்பா வரணும்னுதான் சொல்றாரு."

"நீ?"

அவள் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிக்கொண்டாள். உள்ளே முகம் தெரியவில்லை. "மொதல்ல அது ஓடட்டும், ஜீவா."

அதன் பிறகும் அவனுக்கு விடியுமுன்னே விழிப்பு வந்துவிடும். கீழே மோட்டார் சைக்கிள்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பும். எல்லாம் நல்ல நிலையில் உள்ளவை, ஒன்றுகூட இருமவில்லை. கடைசி வண்டி போனதும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வான். அவளுக்கு எழுதி எழுதி அழித்தான். செய்தியை ஒரே தட்டில் அனுப்பிவிட முடியும் என்பது உண்மைதான்.

நிர்வாகம் இன்னொரு தேதி கொடுத்தது. இதுதான் கடைசி என்றும் சொன்னது.

அந்த வாரம் ஒரு மாலை, ஜீவன் இஸ்திரி போட்ட சட்டையோடு மேல்மாடியிலிருந்து ஆரம்பித்தான். யாரிடமும் சொல்லவில்லை, குழுவிலும் போடவில்லை. கதவைத் திறந்தவர்கள் முதலில் அவனைப் பார்த்தார்கள், பிறகு அவன் தோளுக்குப் பின்னால் பார்த்தார்கள்.

"லோஷினி வரலையா?"

"இல்ல ஆன்ட்டி. நான் மட்டும்தான்."

ஒவ்வொரு கதவிலும் இதே கேள்வி. ஒவ்வொரு கதவிலும் இதே பதிலைச் சொன்னான். சில நாள் கழித்துக் கீழ்மாடிக்கு வந்து சேர்ந்தான். வெள்ளையம்மா கிரில் கதவைத் திறக்காமலே அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"இந்த தடவ யாரு?"

"யாரும் இல்ல ஆன்ட்டி. எல்லாரும் நல்லா இருக்காங்க. கூட்டத்துக்குக் கூப்புட வந்தேன்."

"நோட்டீஸ் எங்க?"

"இல்ல. வாயாலதான்."

"மனோகரனே போயிட்டாரு. பின்ன இப்ப யாருக்கு இந்த லிஃப்டு?"

ஜீவனுக்கு நிறையப் பதில்கள் தெரியும். முதியோர் நலன், குடியிருப்பாளர் உரிமை, கூட்டுப்பொறுப்பு. அவன் செருப்பைக் கழற்றி வாசலில் ஒதுக்கி வைத்தான். வெள்ளையம்மா அதைப் பார்த்தார். பிறகு பூட்டைத் திறந்தார்.

"உள்ள வா. அங்க ஒக்காராத, அது ஆடும். ஜன்னல் பக்கம் போ. அவ அங்கதான் ஒக்காருவா, காத்து வரும்னு."

ஜீவன் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தான். காற்று வந்தது. வெள்ளையம்மா தேத்தண்ணியை வைத்துவிட்டு, சிங்கப்பூரில் இருக்கும் மகன் தீபாவளிக்குக்கூட வராததைச் சொல்ல ஆரம்பித்தார். நீண்ட கதை, நடுநடுவே இன்னும் இரண்டு கதைகள் புகுந்து வெளியேறின. அவன் கைப்பேசியை எடுக்கவில்லை. எழுந்திருக்கும்போதுதான் தேதியைச் சொன்னான்.

"வரேன், வரேன். பக்கத்து வீட்டுல ராத்திரி ஷிப்டு, தூங்குவான். மெதுவா தட்டுனா கேக்காது."

ஜீவன் பக்கத்து வீட்டுக்குப் போய் பலமாகத் தட்டினான்.