பெயர் சொல்லாத ஜெபம்

"பேரைச் சொல்லலீங்க டீச்சர். சத்தியமாச் சொல்லல!"

தேவாலய மண்டபத்து வாசலிலேயே கலாராணி அழ ஆரம்பித்துவிட்டாள். பசறையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருக்கிறாள். சேலைத் தலைப்பு மழையில் நனைந்து தோளோடு ஒட்டிக் கிடந்தது. கரும்பலகையில் அன்றைய பாடத்தை எழுதிக்கொண்டிருந்த கமலாதேவி சோக்கைக் கீழே வைத்தாள்.

"முதல்ல இதில இரும். ஆற்றை பேர்? என்ன நடந்தது?"

கமலாதேவி யாழ்ப்பாணத்துக்காரி. பதுளைப் பாடசாலை ஒன்றில் ஆசிரியை. இரண்டு வருடமாகச் சனிக்கிழமைகளில், தேயிலைத் தோட்டத்துச் சபைகளிலிருந்து வருகிறவர்களுக்கு உளவளத்துணை என்ற மன ஆலோசனை கற்றுக்கொடுக்கிறாள். பேய் பிடித்திருக்கிறது என்று யாரையும் சொல்லாதீர்கள், மனதுக்கும் நோய் வரும்; ஜெபியுங்கள், ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப் போங்கள். இதுதான் அவளுடைய முதல் பாடம். கலாராணி அவளுடைய கெட்டிக்கார மாணவி. வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராவில் வேலை பார்ப்பவள்.

விக்கலும் அழுகையுமாகக் கதை வெளியே வந்தது.

மேல் லயத்து வரிசை வீட்டு ரெங்கம்மா பிரசவித்து நாலு மாதம். ஒரு நாள் கலாராணியைத் தனியாகக் கூப்பிட்டாள். "புள்ளையப் பாத்தா பாசமே வரலக்கா. குளிப்பாட்டறப்ப தண்ணிக்குள்ள விட்டுருவேனோன்னு கை நடுங்குது. யார்கிட்டயும் சொல்லிடாதக்கா." கலாராணி திட்டவில்லை. புத்தி சொல்லவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். வகுப்பில் படித்தபடியே.

புதன்கிழமை தோட்டத்து ஜெபக் கூட்டத்தில் எழுந்து நின்றாள். "ஒரு தாய் இருக்காங்க. கைக்குழந்தைக்காரி. புள்ளையத் தண்ணியில விட்டுருவோமோன்னு பயப்படுறாங்க. அவங்களுக்காக ஜெபம் பண்ணுங்க."

பெயரைச் சொல்லவில்லைதான். ஆனால், அந்தச் சின்னத் தோட்டத்தில் இப்போது கைக்குழந்தை இருப்பது ஒரே ஒரு வீட்டில்.

வியாழக்கிழமை காலை, பீலியில் தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் எல்லாருக்கும் சேதி தெரிந்திருந்தது. மாமியார் கருப்பம்மா பிள்ளையைப் பறித்துக்கொண்டாள். இன்று சாயந்தரம் பேயோட்டக் கோடாங்கி வருகிறான்.

"ரெங்கம்மா சாப்பிடலீங்க. இனி நான் இருந்து என்னாத்துக்குன்னு கேக்குறா. பயமா இருக்கு டீச்சர்."

"கூட்டத்தில ஏன் எழும்பிச் சொன்னனீர்?" கமலாதேவியின் குரல் உயர்ந்தது.

"நீங்க செய்யறதத்தானே செஞ்சேன்? வகுப்பு முடிய, பேர் சொல்லாம ஆளுக்கொரு கதை சொல்லச் சொல்வீங்க. பொறகு எல்லாரும் நின்னு ஜெபம் பண்ணுவோம்."

கமலாதேவி திரும்பிப் பார்த்தாள். கரும்பலகையில் அவள் கையெழுத்தில் இருந்தது, கிணற்றடியில் இயேசு ஒரு பெண்ணோடு அவள் வாழ்க்கையைப் பற்றிப் பேசிய கதை. எத்தனையோ முறை நடத்திய பாடம். சீடர்கள் சாப்பாடு வாங்கப் போயிருந்த நேரத்தில்தான் அந்தப் பேச்சு நடந்தது, அங்கே இரண்டே பேர்தான் இருந்தார்கள் என்பதை ஒரு வகுப்பிலும் அவள் சொன்னதில்லை.

தெருமுனைக் கடையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு டெலிபோன் எடுத்தாள். மனநோய்ப் பிரிவு டொக்டர் அவளுக்குத் தெரிந்தவர். அன்று கடமையில் இருந்தார். ஒரு தாயைக் கூட்டி வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு, கலாராணியோடு பஸ் ஏறினாள்.

லயத்து வாசலிலேயே கருப்பம்மா வழியை மறித்தாள். தோளில் பிள்ளை வீரிட்டு அழுதது.

"வாங்க, வாங்க! ஜெபம் பண்ற டீச்சருங்களா? மிச்சத்த ரேடியோவுல சொல்லிடுங்களேன். லுணுகலை டவுன் வரைக்கும் கேக்கட்டும்."

கடைசி வீட்டு விறகடுக்கின் ஓரத்தில் ரெங்கம்மா குந்தியிருந்தாள். பால் கட்டி, ரவிக்கை நனைந்திருந்தது. கலாராணியை நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்க கோயில் ஆளுககிட்ட சொன்னா லயமே பேசும்னுதானேக்கா ஒங்கிட்ட வந்தேன்?"

கமலாதேவி ரெங்கம்மாவின் முன்னால் ஈரத் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"பிழை என்ரை. நான் படிப்பிச்சதைத்தான் இவ செய்தவ. ரெங்கம்மா, இது ஒரு வருத்தம், மனசிலை ஒரு நோய். பிள்ளை பெத்த கன பேருக்கு வாறது. மருந்து குடுத்து மாத்தலாம். ஆஸ்பத்திரிக்கு வருவீரோ?"

"புள்ளையும் வந்தா வாறேன்."

"தண்ணியில விட்டுருவேன்னவளுக்கு இப்ப புள்ள வேணுமாம்!" என்று கருப்பம்மா கத்தினாள்.

"அதுக்கு ஒண்ணும் ஆயிரக் கூடாதுன்னு பயந்துதானே சொன்னேன், அத்தே? வேணாம்னா சொன்னேன்?"

கருப்பம்மா பிள்ளையை மறுதோளுக்கு மாற்றினாள். பிள்ளை மறுபடி வீரிட்டது. காலையிலிருந்து போத்தலில் கரைத்து ஊட்டிய மாப்பால் அவ்வளவும் அவள் தோளில்தான் வழிந்திருந்தது.

"பிள்ளையை நீங்களே தூக்கிக்கொண்டு வாங்கோ அம்மா," என்றாள் கமலாதேவி. "பால் குடுக்கேக்கை மட்டும் இவவிட்டைக் குடுங்கோ."

"கோடாங்கிக்கு என்னா பதில் சொல்றது? சேவல்கூட வாங்கியாச்சு."

"சேவல் நாளைக்கும் இருக்கும்."

"அது இருக்கும். ஒங்க பஸ்ஸுதான் போயிரும்," என்று முணுமுணுத்தபடி கருப்பம்மா சேலை மாற்ற உள்ளே போனாள்.

பஸ்ஸில் ரெங்கம்மா பால் கொடுத்தபோது, பிள்ளையின் காலைப் பிடித்த கையைக் கருப்பம்மா கடைசிவரை எடுக்கவேயில்லை. குடித்து முடிந்ததும் ரெங்கம்மாவே பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தாள்.

டொக்டர் இளைஞர், யாழ்ப்பாணத்தவர். கதிரையை நெருக்கிப் போட்டுக்கொண்டு கேட்டார்.

"சொல்லுங்கோ அம்மா, என்ன செய்யுது?"

ரெங்கம்மா மாமியாரைப் பார்த்தாள். கலாராணியைப் பார்த்தாள். கடைசியாகக் கமலாதேவியைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லீங்க. தலைவலி."

டொக்டர் திரும்பினார். "டீச்சர், நீங்களாவது சொல்லுங்கோ."

கமலாதேவிக்கு எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. வகுப்பில் சொல்வதுபோல் கோவையாகச் சொல்லிவிடலாம். சொல்லாவிட்டால் தலைவலி மாத்திரையோடு திரும்ப வேண்டியதுதான். லயத்தில் கோடாங்கி காத்திருப்பான்.

எழுந்தாள்.

"அதை இவதான் சொல்லவேணும் டொக்டர். நாங்கள் வெளியில நிக்கிறம்."

"நான் எதுக்கு வெளிய? மாமியாரு நானு!"

"எல்லாரும்தான், அம்மா."

கதவு சாத்தப்பட்டது. வெளி வாங்கில் மூவரும் உட்கார்ந்தார்கள். பாட்டியின் மடியில் பிள்ளை தூங்கிப்போயிருந்தது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. தலைவலி என்றே சொல்லி முடித்துவிடுவாளோ? கமலாதேவி கதவையே பார்த்தாள்.

"டீச்சர், ஜெபம் பண்ணலாமா?" கலாராணி மெல்லக் கேட்டாள்.

"பண்ணும். வாய் திறக்காமப் பண்ணும்."

நெடுநேரம் கழித்து உள்ளே ரெங்கம்மாவின் குரல் கேட்டது. தாழ்ந்த, உடைந்த குரல். கருப்பம்மா மெதுவாகக் கதவுப் பக்கம் தலையைச் சாய்த்தாள். கமலாதேவி உடனே எழுந்து பிள்ளையின் துணிப் பையைக் கையில் எடுத்தாள்.

"வாங்கோ அம்மா, அங்கால போய் இருப்பம்."

"எதுக்கு? இங்கதான் நல்லாக் கேக்குது!"

"அதாலதான்."

விறாந்தையின் மறுகோடிக்கு அவர்களைக் கூட்டிப் போனாள். அங்கே மழைச் சத்தம் மட்டும்தான் கேட்டது.