வெர்லின் ஏர் கிளீனரை அறுத்த காலை

...ராய்ஸ் தாடையை இப்படி அறுத்தால் எவ்வளவு நேரம் பிடிக்கும், தகரத்துக்கே இரண்டு நிமிடம் ஆகிறது, எலும்பு இன்னும் சீக்கிரம் போய்விடும், வெர்லின் கிரைண்டர் சக்கரத்தை ஏர் கிளீனரின் அடிவயிற்றில் அழுத்தினான், பொறி பறந்து முழங்கையைச் சுட்டது, சுடட்டும். ஐம்பத்தோராம் வருஷத்துப் பிக்கப் வண்டி, காற்றை எண்ணெய்த் தொட்டியில் முக்கி எஞ்சினுக்கு அனுப்புகிற பழைய ஏற்பாடு, ஓக்லஹோமாப் புழுதிக்கு அது போதாது, உள்ளே இருக்கும் கம்பி வலையை அறுத்தெறிந்துவிட்டுக் காகித ஃபில்டரை உட்கார வைக்க வேண்டும், வெளியே பார்த்தால் பழசு போலவே இருக்க வேண்டும். கம்பி... நோரீன் வாயிலும் கம்பிதான். தங்கையின் தாடையை இரண்டு இடத்தில் உடைத்திருக்கிறான் ராய்ஸ், கட்டிய புருஷன், டாக்டர் பல்லோடு பல்லைச் சேர்த்துக் கட்டிவிட்டார், வியாழக்கிழமையிலிருந்து வெர்லின் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து ஸ்ட்ராவில் தக்காளி சூப் உறிஞ்சுகிறாள்.

பதினொரு மணிக்கு வந்து அவளைக் கூட்டிப்போகிறேன் என்று ராய்ஸ் போன் செய்திருக்கிறான், என்ன தைரியம், இந்த வேலையை இன்றைக்கா செய்ய வேண்டும், ஆமாம், இன்றைக்குத்தான், வருகிறவன் என் கையில் இது சுற்றுவதைப் பார்க்கட்டும். வரட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவளிடம் சொன்னானே, அதை நம்பித்தானே உட்கார்ந்திருக்கிறாள். தொட்டியிலிருந்து வழித்த கசடு டப்பாவில் கிடந்தது, கறுப்புச் சேறு, வெட்டுக்கிளிக் கால்கள், அவன் மூஞ்சியை இதில் முக்கிப் பிடித்தால் எத்தனை குமிழி வரும்... எண்ண வேண்டும், ஒன்று விடாமல் எண்ண வேண்டும்.

வண்டி வந்து நின்றது. ராய்ஸ் இறங்கினான், வீட்டுப் பக்கம் பார்க்கக்கூட இல்லை, நேராக வந்து பிக்கப்பின் திறந்திருந்த பானட்டுக்குள் தலையை விட்டான், இந்த ஊர் ஆண்பிள்ளைகள் அப்படித்தான், சாவு வீட்டு வாசலில் பானட் திறந்திருந்தாலும் நாலு பேர் குனிந்து பார்ப்பார்கள். மழித்த பிடரி, சிவந்து, ஒரு கை தூரத்தில். இப்போது. இப்போதே.

“பேப்பர் ஃபில்டரா மச்சான்? காத்து ஜாஸ்தியா போகுமே. அதுக்கேத்தாப்ல பெட்ரோல் விடுற ஜெட்ட மாத்துனியா?”

“ஒரு சைஸ் பெருசா போட்டுட்டேன்.”

யார் சொன்னது, என் வாயா, அதே வாய்தானே காலையிலிருந்து இவனைக் கொன்றுகொண்டிருந்தது... ராய்ஸ் நிமிர்ந்து, ஏர் கிளீனர் கிடந்த வேலைப் பலகைக்கு வந்தான், ஓரம் கோணலாகப் போகிறது என்றான், உண்மைதான், கோணல்தான், கேட்காமலே தகரத்தை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டான், வெர்லின் கிரைண்டரை ஓட்டி இறக்கினான், நோரீன் தாடையில் இறங்கிய அதே முட்டி, தோலில் இன்னும் கீறல், சக்கரத்துக்கும் அதற்கும் நடுவில் அரை அங்குலம், சாய்த்தால் போதும், கொஞ்சம் சாய்த்தால் போதும்.

“விரல் பத்திரம்” என்றான் வெர்லின்.

சமையலறைக் கதவில் நோரீன் நின்றிருந்தாள், கையில் சூப் கிளாஸ். ஒரே தகரத்தின்மேல் குனிந்திருந்த இரண்டு முதுகுகளையும் பார்த்தாள், எவ்வளவு நேரமாகப் பார்க்கிறாளோ. பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள், தாழ்ப்பாள் விழுந்தது, ராய்ஸுக்காகத்தான், வேறு யாருக்காக... ஆனால் ராய்ஸ் ஒருவனுக்காக என்றால், என்னை உள்ளே கூப்பிட்டிருப்பாளே.