நடுவர் ருஸ்தமின் தலை: எட்டாவது மாதம் வரை

1

இந்தக் கதை ஒரு துண்டறிக்கையாகத்தான் பிறந்தது. உஸ்குதாரில் முடி நடும் மருத்துவமனை ஒன்று, நட்ட பிறகு எந்த மாதம் என்ன ஆகும் என்று நோயாளிகளுக்கு இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னது. முடி நட்டுக்கொள்ள உலகமே வந்திறங்கும் இஸ்தான்புல்லில் எழுதிப் பிழைப்பவர்கள் ஒருநாள் முடியைப் பற்றி எழுதித்தான் ஆக வேண்டும். "பத்தாவது நாள் பொருக்கு உதிரும்" என்று தொடங்கினேன். நான்காவது வரியில் மேல்வீட்டு ருஸ்தம் உள்ளே வந்துவிட்டார்.

(துண்டறிக்கையில் ஆட்கள் வரக்கூடாதாம். வேலை போயிற்று, கதை மிஞ்சியது.)

2

முதலில் எழுதிய தொடக்கம்: "ருஸ்தமின் வழுக்கையில் சூரியன்..." வேண்டாம். வழுக்கையில் சூரியனைப் பார்க்காத எழுத்தாளர் யார்.

நேராகச் சொல்கிறேன். ருஸ்தமுக்கு நாற்பத்து நான்கு வயது. வார நாட்களில் படகுத்துறையில் வேலை, ஞாயிறுகளில் உள்ளூர்க் கால்பந்து லீக்கில் நடுவர். கசாப்புக்கடை துர்சுன் பதினைந்து வருடமாக மைதானத்துப் படிக்கட்டின் மூன்றாம் படியில் உட்கார்ந்து கத்துவது ஒன்றுதான்: "சொட்ட வாத்தியாரே, கண்ணத் தொறந்து பாரு." (நடுவரை நாங்கள் வாத்தியாரே என்றுதான் அழைப்போம், திட்டும்போதும்.)

ஜனவரியில் லீக்குக்கு விடுமுறை. ருஸ்தம் பின்தலையிலிருந்து முடியை வேரோடு எடுத்து முன்னும் உச்சியிலும் நட்டுக்கொண்டார். மனைவி பெரிஹான் ஒரு வாரம் அவரை மூன்று தலையணையில் சாய்த்தே தூங்கவைத்தாள். பத்தாம் நாள் பொருக்கைக் கழுவி எடுத்ததும் கட்டையாக, கறுப்பாக முடி தெரிந்தது. மனுஷர் சந்தோஷத்தில் படகுத்துறை முழுக்கச் சொல்லிவிட்டார். துர்சுனிடமும்.

3

மூன்றாம் வாரம் முடி கொட்டத் தொடங்கியது. ஐந்தாம் வாரம் ஒன்றும் இல்லை. அந்த ஞாயிறு லீக் தொடங்கியது. துர்சுன் படியிறங்கி வந்து வலைக்கம்பி வழியாக ஒரு சீப்பை நீட்டினான்.

"இந்தா வாத்தியாரே. தேவப்படும்."

மறுநாள் ருஸ்தம் என் கதவைத் தட்டினார்.

"நடுவர் சங்கத்துக்கு ஒரு ராஜினாமாக் கடிதம் எழுதணும். ஒங்களுக்குத்தான் நல்லா வரும்."

"எதுக்கு அண்ணே?"

"முடி மொத்தமும் போச்சு."

"நட்ட முடி முதல்ல ஒதிரத்தான் செய்யும். வேர் உள்ளதான் இருக்கு. மூணு நாலு மாசத்துல மொளைக்கும். இதோ பாருங்க, எழுதியே வெச்சிருக்கேன்."

துண்டறிக்கையை வாசித்தார். "இது நீங்க எழுதினதுதான?"

"ஆமா."

"கதை எழுதுறவர் எழுதினத நான் எப்பிடி நம்புறது?"

4

இந்த இடத்தில் எனக்கே பாத்திரத்தின் மீது சந்தேகம். முடிக்காக ஒருவர் விசிலைக் கைவிடுவாரா? மாடிப்படியில் பெரிஹானைக் கேட்டேன்.

"முடிக்காக இல்ல தம்பி. எறநூறு பேரு திட்டினப்பக்கூட வீட்டுக்கு வந்து நல்லா சாப்பிட்ட மனுஷன். இப்ப அந்தச் சீப்ப மேசைல வெச்சுக்கிட்டு பாத்துட்டே இருக்காரு. கடிதத்த மெதுவா எழுதுங்க."

மெதுவாக எழுதினேன். அதில் எனக்குப் பயிற்சி உண்டு.

"மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கு, என் தலையின்..."

"பதினைந்து ஆண்டுகள் விசில் ஊதிய நான் இன்று மூச்சு..."

"உடல்நலம் காரணமாக..." (பொய் என்று அவரே அடித்தார்.)

திங்கட்கிழமைதோறும் வந்தார். தேநீர் குடித்து ஒரு வரியை நிராகரித்துவிட்டுப் போனார். கடிதம் முடியாததால் ஞாயிறுகளில் ஊதவும் போனார். இப்படிப் பத்துத் திங்கட்கிழமைகள்.

5

ஏப்ரல் கடைசியில் பெரிஹான் மேலிருந்து கூப்பிட்டாள். "கண்ணாடி போட்டுக்கிட்டு வாங்க."

ருஸ்தம் ஜன்னலோரம் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். நெற்றிக்கு மேலே சின்னச் சின்னப் பருக்கள். அவற்றின் நடுவே, கைக்குழந்தையின் முடிபோல மெல்லிய இழைகள்.

"சுருட்டையா இருக்கே," என்றார் கவலையாக.

"பொறந்ததும் கொற சொல்லாதீங்க," என்றாள் பெரிஹான்.

அவள் முப்பத்தொன்று வரை எண்ணினாள், தவறவிட்டாள், மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினாள், பிறகு எண்ணுவதை விட்டுவிட்டு அந்த இடத்தில் முத்தம் கொடுத்தாள். நான் ஜன்னல் வழியே படகுகளைப் பார்த்தேன்.

6

ஜூன் மாதம், பருவத்தின் கடைசி ஆட்டம். கடற்காற்று. துர்சுன் எழுந்தான்.

"சொட்ட..."

நின்றுவிட்டான். ருஸ்தமின் நெற்றியில் முடி அசைந்தது. (இங்கே ஓர் உவமை வைக்க ஆசை. வைக்கவில்லை.) படிக்கட்டு முழுக்க துர்சுனைத் திரும்பிப் பார்த்தது. பதினைந்து வருடச் சொல் கையை விட்டுப் போய்விட்டது. உட்கார்ந்தான். மறுபடி எழுந்தான்.

"சுருட்ட வாத்தியாரே, முடிய ஒதுக்கிட்டுப் பாரு."

இருநூறு பேரும் சிரித்தார்கள். ருஸ்தமும் சிரித்தார், வாயில் விசிலோடு. அது தானாக ஊதிவிட்டது. இரண்டு அணிகளும் நின்று, யார் செய்த தவறு என்று அவரைப் பார்த்தன. அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு பந்தை நின்ற இடத்தில் கீழே போட்டுத்தான் ஆட்டம் தொடர்ந்தது.

7

இப்போது செப்டம்பர், எட்டாவது மாதம். முன்பக்கம் நிறைந்துவிட்டது. உச்சி இன்னும் தயங்குகிறது. அதற்கு ஒரு வருடம் ஆகலாம், மேலும் ஆகலாம். ஆகவே என்னிடம் முடிவு இல்லை.

எழுதிப் பார்த்தவை: உச்சியும் நிறைகிறது, பெரிஹான் பழைய தலையே அழகு என்கிறாள். உச்சி அப்படியே நின்றுவிடுகிறது, துர்சுனுக்குப் பாதிச் சொல் திரும்பக் கிடைக்கிறது. துர்சுன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு மருத்துவமனை வாசலில்... இதை நீங்களே ஊகித்திருப்பீர்கள், அதனால் வேண்டாம்.

வருகிற ஞாயிறு பதினொரு மணிக்கு லீக் தொடங்குகிறது. மூன்றாம் படியில் துர்சுனுக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது. அங்கிருந்து உச்சி நன்றாகத் தெரியும். பார்த்துவிட்டு, என்ன கத்த வேண்டுமோ நீங்களே கத்துங்கள்.